பட்டர் புரூட் மரம் உச்சியிலிருந்து காய்ந்து வருகிறது – வெட்டுவதா, காப்பாற்றலாமா?

சாமிமலைக் காற்று:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஒட்டு பட்டர் புரூட் (ஆனைக்கொய்யா) மரம் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் காய்கிறது. இடம் மஸ்கெலியாவுக்குக் கிட்ட உள்ள சாமிமலைப் பக்கம், 1,300 மீற்றர் உயரம் இருக்கும். மரத்துக்குப் பன்னிரண்டு வயது, 25 அடி உயரம், குடை 6 மீற்றர் அகலம். மேல்பக்கம் ரோட்டு, கீழ்ப்பக்கம் தேயிலை மலை.

உச்சியில் இரண்டு பெரிய கொப்பு இலை கொட்டி மொட்டையாகிவிட்டது. மற்றக் கொப்புகளில் இலை வழக்கமான அளவில் பாதிதான், அதுவும் வெளிறிய மஞ்சள். போன மழைக்குப் பிறகு துளிரே இல்லை. ஆனால் காய் மட்டும் கொத்துக் கொத்தாகப் பிடித்து, எலுமிச்சை அளவுக்கு மேல் போகவில்லை. அடிமரத்திலும் கொப்புகளிலும் அங்கங்கே சீனி தூவியது போல வெள்ளைத் தூள். காய்ந்த கொப்பு ஒன்றில் ஊசித் துளைகள்.

ஒருவர் கொப்பர் (செம்பு) மருந்து அடிக்கச் சொல்கிறார், ஒருவர் அடிமரத்தில் ஆணி அடிக்கச் சொல்கிறார் (ஏற்கெனவே நாலைந்து ஆணி இருக்கிறது), இன்னொருவர் வெட்டி விறகாக்கச் சொல்கிறார். இருபது அடி கீழே இன்னொரு இளமரம் நிற்கிறது, அதற்கும் தொற்றுமா? எங்கிருந்து தொடங்குவது?

---

முள்ளும் மம்பட்டியும்:

கொப்பர், ஆணி, கோடரி மூன்றையும் தள்ளி வையுங்கள். இலை சிறுத்து, வெளிறி, துளிர் நின்று, அதே நேரம் பொடிக்காய் அள்ளிப் பிடிக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் மண்ணுக்குள்ளேதான். வேர் தண்ணீர் ஏற்ற முடியாமல் போனால் மரம் முதலில் கைவிடுவது உச்சியை. இலை விழுந்ததும் மெல்லிய பட்டையில் நேர்வெயில் பட்டு கொப்பு வெந்துபோகும், அதனால் காய்வு இன்னும் வேகமாகக் கீழே இறங்கும்.

மற்றக் காரணங்களையும் தள்ளிவிட வேண்டும். மரம் முழுக்க மாதக்கணக்கில் மெலிந்து வந்தால் வேர். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வாடி, காய்ந்த இலை உதிராமல் அப்படியே தொங்கினால் வேர்ட்டிசிலியம் வாடல். அந்தக் கொப்பின் பட்டையைச் சீவினால் உள்ளே மரத்தில் மண்ணிறக் கோடு ஓடும். ஒரு கொப்பில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மேலே மட்டும் காய்ந்திருந்தால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது: குருவிச்சை, வெடித்த புண், அல்லது உடுப்புக் காயப்போடக் கட்டிய கம்பி. கம்பி பட்டைக்குள் புதைந்து நெரிப்பது லயத்துப் பக்கம் சர்வசாதாரணம், கீழே நின்று பார்த்தால் தெரியாது. ஏணி வைத்துப் பாருங்கள்.

அது எதுவும் இல்லையென்றால் தோண்டிப் பார்க்க வேண்டியதுதான்.

அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் விரிந்து, பெரிய வேர்கள் பிரியும் முதுகு தெரியவேண்டும். மின்கம்பம் நட்டது போல நேராக மண்ணுக்குள் இறங்கினால் யாரோ மண் கொட்டியிருக்கிறார்கள். கையால் கிளறுங்கள், மம்பட்டி போடாதீர்கள். பட்டையில் வெட்டு விழுந்தால் அதுவே புதுப் புண்.

அடுத்தது ஊட்டு வேர். இந்த மரத்தின் ஊட்டு வேரில் பெரும்பகுதி மேல் 6 அங்குலத்துக்குள் கிடக்கும், வேர்மயிர் அதிகம் கிடையாது. குடையின் நடுப்பகுதிக்கு நேர்கீழே, மரத்தைச் சுற்றி நாலு இடத்தில், ஒரு அடிச் சதுரமாக மண்ணை எடுத்து வாளித் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். நல்ல வேர் கிறீம் வெள்ளையாக இருக்கும், வளைத்தால் வளையும். அழுகிய வேர் கறுத்து, விரலில் உருட்டினால் மேல்தோல் உறை போலக் கழன்று, நடுவில் நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும். பென்சில் தடிப்புக்கு மேலுள்ள வேர் நன்றாக இருக்க, மெல்லிய வேர் மட்டும் கறுத்தோ இல்லாமலோ இருந்தால் பைட்டோப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் பங்கசு (பூஞ்சை) என்றே நினைக்கலாம். தடித்த வேரும் சேர்ந்து அழுகியிருந்தால் அது வேறு நோய். அப்படியானால் வேரில் மண்ணும் கல்லும் ஒட்டியிருக்கிறதா, பட்டைக்கு அடியில் வெள்ளை விசிறியோ நட்சத்திரமோ போலப் படர்ந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

மூன்றாவது, தண்ணீர் வடிகிறதா. குடைக்குச் சற்று வெளியே ஒரு அடி ஆழக் குழி. நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குச்சி வைத்து அளவெடுங்கள். மணிக்கு ஒரு அங்குலத்துக்குக் குறைவென்றால் அந்த இடம் ஆனைக்கொய்யாவுக்கு ஆகாது.

உறுதிப்படுத்த வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. வெலிமடைப் பக்கமிருந்து வரும் பச்சைப் பேரிக்காய் கெட்டியாக, கீறல் இல்லாமல் இரண்டு வாங்குங்கள். சந்தேகமான வேரும் மண்ணுமாக இரண்டு கோப்பையை ஒரு சட்டியில் போட்டு, மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் நிற்கும்படி தண்ணீர் விட்டு, காயைப் பாதி மூழ்க வையுங்கள். இன்னொரு சட்டியில் வெறும் தண்ணீரும் ஒரு காயும், ஒப்பிட்டுப் பார்க்க. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம், பீலித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ போதும். இரவுக் குளிர் அடிக்காத குசினி மூலையில் வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் கெட்டியான மண்ணிறப் புள்ளி விழுந்தால் பைட்டோப்தோரா இருக்கிறது. கொழகொழவென்று அழுகி நாற்றமடித்தால் அது பக்டீரியா, கணக்கில் எடுக்காதீர்கள். எந்த இனம் என்று இது சொல்லாது. புள்ளி விழவில்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் முடிவு கட்டக்கூடாது.

---

நாற்றுமேடை:

மேலே சொன்னது சரி. வெள்ளைத் தூள் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், அதைப் பார்த்துத்தான் பலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள்.

அது பங்கசும் இல்லை, மாப்பூச்சியும் இல்லை. இந்த மரத்தின் சாற்றிலேயே உள்ள ஒரு வகைச் சீனி. பட்டையில் எங்கே காயம் பட்டாலும் சாறு கசிந்து, காய்ந்து வெள்ளையாகப் படியும். நாக்கில் வைத்தால் இனிக்கும். ஆகவே தூள் இருக்கிறது என்பதை விட எதன் மேலே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஈரத் துணியால் துடைத்துவிட்டு அடியில் பாருங்கள்.

அடியில் ஆணியோ கத்தி வெட்டோ இருந்தால் வெறும் காயம். வெடித்த பட்டையும் அமுங்கிய கறுப்புத் திட்டும் இருந்தால், பட்டையை நகத்தளவு சீவுங்கள்: உள்ளே செம்மண் நிறமாகி இருந்தால் கொப்புப் புற்று. வெயிலிலும் வரட்சியிலும் வாடிய மரத்தைத்தான் அது பிடிக்கும். அடிமரத்தில், மண்ணிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள், கறுத்த திட்டிலிருந்து கசிந்து, சீவினால் செம்மஞ்சளாகத் தெரிந்து, பழ வாசனை அடித்தால் பைட்டோப்தோராவின் இன்னொரு இனம் அடிமரத்துக்குள் போயிருக்கிறது. அதுதான் பயப்பட வேண்டிய இடம்.

தூளுக்கு நடுவே பேனா முனை மட்டும் நுழையும் வட்டத் துளை (ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு) இருந்தால் ஷொட் ஹோல் போரர். நம் தேயிலையைத் துளைக்கிற அதே கூட்டத்து வண்டுதான், 2 மில்லிமீற்றர் நீளம். அது மரத்தைத் தின்பதில்லை. உள்ளே பங்கசு பயிர் செய்து அதைத் தின்கிறது, கொப்பை அடைத்துக் காய வைப்பதும் அந்தப் பங்கசுதான். உங்களுடைய துளைகள் காய்ந்த கொப்பில் மட்டும் இருக்கிறதா, பச்சைக் கொப்பிலும் இருக்கிறதா? காய்ந்த கொப்பில் மட்டும் என்றால் அது பிணம் தின்ன வந்த கூட்டம், கொன்ற ஆள் வேறு. செத்த கொப்புக்குப் பல வகை வண்டு வரும். மரத்துக்குள் இருக்கிற வண்டுக்கு மேலே மருந்தடித்துப் பலனும் இல்லை.

---

சாமிமலைக் காற்று:

இரண்டு பேருக்கும் நன்றி. பார்த்தேன்.

அடிமரம் மின்கம்பம் போலத்தான் இறங்குகிறது. கிளறியதில் 14 அங்குலத்துக்குக் கீழேதான் வேர் முதுகு தட்டுப்பட்டது. ரோட்டு மதிலுக்கு அத்திவாரம் வெட்டிய மண் அது. புதைந்திருந்த பட்டை ரோட்டுப் பக்கம் கறுத்து மெத்தென்று இருக்கிறது, சுற்றளவில் கால்வாசி. மற்றப் பக்கம் கீறினால் பச்சை.

ஊட்டு வேர் ரோட்டுப் பக்கம் அநேகமாக இல்லை. இருப்பது கறுத்து, தோல் கழல்கிறது. தேயிலைப் பக்கம் கொஞ்சம் வெள்ளை வேர் இருக்கிறது. தடித்த வேர்கள் சுத்தம், கல் ஒட்டவில்லை, பட்டைக்கடியில் வெள்ளைப் படர்வும் இல்லை. குழியில் விட்ட தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றது. பேரிக்காயில் நாலாம் நாள் மண்ணிறப் புள்ளி, கெட்டியாக. வெறும் தண்ணீர்க் காய் சுத்தம்.

தூள் எல்லாம் ஆணிக்கும் பழைய வெட்டுக்கும் மேலேதான். துளைகள் காய்ந்த கொப்பில் மட்டும். இன்னொன்று: மரத்துக்கு மேலே, ரோட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் பழைய தேயிலைக் கான் ஒன்று ஓடுகிறது, இடைக்கிடை மண் தடுப்பு வைத்த கான்.

---

முள்ளும் மம்பட்டியும்:

எழுதியதிலேயே விடை இருக்கிறது. மண் மூடியதால் வேருக்குக் காற்று போச்சு, மதிலுக்குக் கீழே தண்ணீர் தேங்கிச்சு. பைட்டோப்தோராவின் வித்து தண்ணீரில் நீந்தித்தான் வேரைத் தேடிப் போகும், அதற்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. அந்தக் கான் லொக் அன் ஸ்பில் வகை. தண்ணீரைத் தடுத்து மண்ணுக்குள் இறக்குவதற்கென்றே வெட்டுவது. தேயிலைக்கு அது நல்லது, ஆனைக்கொய்யாவுக்கு மேலே இருந்தால் நஞ்சு.

கால்வாசிப் பட்டைதான் செத்திருக்கிறது என்பதால் மரத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் நானும் கோடரிப் பக்கம்தான் பேசியிருப்பேன். வேலை வரிசை முக்கியம். மருந்தை முதலில் போட்டுவிட்டு மண்ணை அப்படியே விட்டால் காசு நட்டம்.

முதலில் மண். கொட்டிய மண் முழுவதையும் குடை அகலத்துக்கு எடுத்து, பழைய தரைமட்டத்துக்கு வாருங்கள். புதைந்த மண்ணுக்குள் மரம் மேலாகப் புதுவேர் விட்டிருக்கலாம். அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் அள்ளாமல், அடிமரத்தைச் சுற்றி மூன்று அடியை முதலில் திறந்து, மிச்சத்தை இரண்டு மூன்று வாரத்தில் எடுங்கள். வெயில் அதிகமில்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். எடுத்த மண்ணைக் கீழே உள்ள இளமரத்துப் பக்கம் கொட்டிவிடாதீர்கள்! கறுத்த பட்டையைக் கத்தியால் நல்ல பட்டை தெரியும்வரை சீவி, வெறுமனே காய விடுங்கள். தார் பூச வேண்டாம்.

அடுத்தது கான். மேலே உள்ள கானின் மண் தடுப்பை எல்லாம் உடைத்து, சரிவு கொடுத்து, தண்ணீர் மரத்தைத் தாண்டிப் போய்க் கல்லுக்கானில் விழும்படி செய்யுங்கள். ஆழம் 18 அங்குலம் போதும். கான் வெட்டும்போது குடைக்குள் வராதீர்கள்.

மூன்றாவது மூடாக்கு. சவுக்குக் (கிரவில்லியா) கொப்பு, மரத்தூள் கலக்காத மரச்சீவல், மானாப்புல், குவாத்தமாலாப் புல் எது கிடைத்தாலும் கரடுமுரடாக நறுக்கி 4 முதல் 6 அங்குலத் தடிப்பில் குடை முழுக்கப் பரப்புங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு அடி வெறுமையாக இருக்கட்டும். மூடாக்கு உக்கும்போது பெருகும் நுண்ணுயிர்கள் இந்தப் பங்கசின் சுவரைத் தின்னும், ஊட்டு வேரும் மூடாக்குக்குள்ளேயே புதிதாக ஏறி வரும். கைக்கு வரும் முதல் நல்ல செய்தி அதுதான்: இரண்டு மூன்று மாதம் கழித்து மூடாக்கைத் தூக்கினால் வெள்ளை வேர் நுனி தெரியவேண்டும். ஜிப்சம் கிடைத்தால் மூடாக்குக்கு முன் 10 கிலோ தூவலாம். அது மண்ணின் புளிப்பை மாற்றாது, கல்சியம் மட்டும் கொடுக்கும், வித்துப் பெருக்கத்தைக் குறைக்கும்.

அதன் பிறகுதான் மருந்து: பொற்றாசியம் பொஸ்பொனேட். கடையில் பொஸ்பேட் உரத்தை எடுத்து நீட்டுவார்கள். இரண்டும் ஒன்றில்லை, டிஎஸ்பி (TSP) உரம் போட்டு வேரழுகல் நிற்காது. வாங்க முன் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழைத்து, ஆனைக்கொய்யாவுக்கு எந்தத் தயாரிப்புக்குப் பரிந்துரை இருக்கிறது, காய் பறிக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேளுங்கள். அடிமரத்தில் ஊசி போடுவதற்கு வழக்கமான கணக்கு: 20 வீதக் கரைசல், குடை அகலத்தில் மீற்றருக்கு 15 மில்லி. உங்கள் 6 மீற்றருக்கு 90 மில்லி. வாங்கும் போத்தல் 40 வீதமென்றால் சம அளவு தண்ணீர் சேர்த்த பிறகுதான் இந்தக் கணக்கு. 6 மில்லிமீற்றர் துளையிடும் அலகால், சற்றுக் கீழ்நோக்கிச் சரித்து, 4 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, சுற்றிவர ஐந்து துளை. ஒவ்வொன்றிலும் 18 மில்லி, அழுத்தம் விட்டு உறிஞ்சவிடும் ஊசிக்குழாயால். செத்த பட்டைக்கு மேலும், மொட்டைக் கொப்புக்கு நேர்கீழும் துளை போடாதீர்கள், மேலே இலை இல்லையென்றால் இழுக்க ஆள் இல்லை. வெயிலுள்ள காலை நேரம், இலை காய்ந்திருக்கும்போது நன்றாக இழுக்கும். துளிர் முற்றி இலை கெட்டியான பிறகு போட்டால் மருந்து வேருக்கு இறங்கும்; இளந்துளிர் நேரத்தில் போட்டால் துளிரிலேயே நின்றுவிடும். உங்கள் மரத்தில் இப்போது துளிர் இல்லாததால் மண் வேலை முடிந்ததும் போடலாம், அடுத்தது வரும் துளிர் முற்றிய பிறகு.

---

கவ்வாத்துக் கத்தி:

கொப்பு வெட்டுவதற்கு அவசரப்படாதீர்கள் என்று சேர்த்துக்கொள்கிறேன். தேயிலைக்கு மாதிரி ஒரே வீச்சில் கவ்வாத்துப் பண்ணுகிற மரமில்லை இது. எது செத்தது எது உறங்குகிறது என்று துளிர் வந்த பிறகுதான் தெரியும். அதுவரை துளையுள்ள காய்ந்த கொப்பை மட்டும், பச்சை தெரியும் இடத்துக்கு அரை அடி கீழே, கொப்பு மரத்தோடு சேரும் கழுத்தைத் தொடாமல் வெட்டி எடுங்கள். அந்த விறகைத் தேயிலையோரம் அடுக்கி வைக்கக்கூடாது, உடனே எரித்துவிடுங்கள். மஸ்கெலியாப் பக்கம் தை முதல் பங்குனி வரை காய்வு, வெட்டு அந்தக் காலத்தில் இருக்கட்டும்.

வெயில் படும் கொப்புகளுக்கு வெள்ளை எமல்ஷன் பெயின்ற்றை அதேயளவு தண்ணீரில் கலந்து மேல்பக்கம் பூசுங்கள். ஓயில் பெயின்ற் வேண்டாம். பொடிக்காய் அத்தனையையும் கிள்ளி எறியுங்கள். மனது வராது, ஆனால் அந்தக் காய்தான் மிச்ச மாச்சத்தையும் உறிஞ்சுகிறது. கோழி எரு, பச்சைச் சாணி, யூரியா எதுவும் இப்போது வேண்டாம். ஊட்டு வேர் இல்லாத மரத்துக்கு உரம் உப்பாகத்தான் தெரியும். முதல் துளிர் முற்றிய பிறகு 100 கிராம் யூரியாவை இரண்டாகப் பிரித்து மூடாக்குக்கு மேல் தூவினால் போதும்.

வேரழுகல் என்றவுடன் தண்ணீரை முழுக்க நிறுத்துபவர்களும் உண்டு, அதுவும் பிழை. காய்வு நாளில் 6 அங்குலத்தில் மண்ணெடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் கொஞ்சமாக ஊற்றுங்கள். வேர் குறைந்த மரம் வரட்சியிலும் சாகும்.

---

ஊவாப் பக்கம்:

இளமரத்துக்கும் பக்கத்துத் தேயிலைக்கும் பதில் யாரும் சொல்லவில்லை.

இளமரம் கீழே நிற்பதால் மேலிருந்து வழியும் தண்ணீரோடு வித்தும் போகும். கானைத் திருப்பினால் பாதி ஆபத்து போகும். மற்றப் பாதி மம்பட்டியிலும் சப்பாத்திலும் ஒட்டிப் போகிற மண். பெரிய மரத்தடியில் வேலை செய்தால் மண்ணைத் தட்டிக் கழுவி, அலகை சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் துடைத்துவிட்டுத்தான் இளமரத்துக்குப் போகவேண்டும். வேலை எப்போதும் இளமரத்தில் தொடங்கிப் பெரிய மரத்தில் முடியட்டும். இளமரத்தின் வேரையும் ஒருதரம் கழுவிப் பாருங்கள். இலை நன்றாக இருக்கும்போதே வேர் பாதி போயிருக்கும்.

தேயிலை பற்றி இந்த நோயால் கவலைப்பட வேண்டாம். தேயிலைக்குப் பரவும் வேர்நோய்கள் வேறு: கல்லும் மண்ணும் ஒட்டும் மண்ணிற வேர் நோய், பட்டைக்கடியில் வெள்ளை நட்சத்திரம் போடும் கறுப்பு வேர் நோய், சவுக்குக் குற்றியிலிருந்து கிளம்பும் கரி வேர் நோய். உங்கள் தடித்த வேர் சுத்தம் என்றதால் இவை இல்லை. கறுப்பு வேர் நோய் உக்கும் இலைக்குப்பையில் மேலாகவே ஊர்ந்து வரும், அதனால் மூடாக்கைத் தேயிலைத் தூர்களைத் தொடும்வரை இழுக்காதீர்கள், இரண்டு அடி இடைவெளி விடுங்கள்.

மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைற் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன்: தேயிலை 4.5 முதல் 5.5 வரையான புளிப்பில் (pH) சந்தோஷமாக இருக்கும், ஆனைக்கொய்யாவுக்கு 5.5க்கு மேல் வேண்டும். மண் பரிசோதித்துவிட்டு, குடைக்குள் மட்டும் போடுங்கள். சரிவில் தேயிலைப் பக்கம் அள்ளி வீசாதீர்கள்.

ஆய்வுகூட முடிவு வேண்டுமென்றால் உங்கள் விவசாயப் போதனாசிரியர் மூலம் கன்னொறுவைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பலாம். செத்த வேரை அல்ல, கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடத்து வேரை, 4 முதல் 6 அங்குல ஆழத்து ஈரமண் அரைக் கிலோவோடு பொலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் இரண்டு நாளுக்குள் சேர்க்கவேண்டும். காயவும் கூடாது, பிரிஜ்ஜில் வைக்கவும் கூடாது. பொஸ்பொனேட் போட முன் எடுத்த மண்ணாக இருக்கட்டும்.

ஒருவேளை பெரிய மரம் தேறாமல் போனால் அதே குழியில் மறுபடி ஆனைக்கொய்யா நடாதீர்கள், மண்ணில் அந்தப் பங்கசு வருடக்கணக்கில் உறங்கும். தள்ளி, 2 அடி உயரம் 5 அடி அகல மேட்டில், ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். நாற்று வாங்கும்போது பையைக் கிழித்து வேரைப் பார்க்க விடாத இடத்தில் வாங்காதீர்கள்.